மறு: ஓசின்ட் – ‘திறமூல நுண்ணறிவு’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம். ‘ஓப்பன் சோர்ஸ் இன்டெலிஜென்ஸ்’, சுருக்கமாக ஓசின்ட்: எல்லார் கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்கும் படம், காணொளி, ஒலிபரப்பு போன்றவற்றைத் திரட்டிச் சலித்து உண்மையை அறியும் தொழில். அதற்குத் தமிழில் பெயர் தேடும் நம் பேச்சில் வந்த யோசனைகளுக்கு இது என் பதில்.

> ‘ஓப்பன் சோர்ஸ்’ என்றால் திறமூலம். ‘இன்டெலிஜென்ஸ்’ என்றால் நுண்ணறிவு. இரண்டையும் சேர்த்தால் திறமூல நுண்ணறிவு. வேலை முடிந்தது.

பாலக்கோடு ஆசிரியர் ஐயா முடித்துவைத்த வேலையைத் திரும்பப் பிரிக்கிறேன், பொறுத்தருள வேண்டும். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகனிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “காசு கட்டாம கிடைக்கிற சாட்ஜிபிடியா மாமா?” என்றான். அவன் மேல் தப்பில்லை. சொல் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

திறமூலத்தில் வரும் ‘மூலம்’ மென்பொருளை எழுதிய நிரலைக் குறிக்கும். மென்பொருளுக்கு ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயர் வந்ததே 1998-இல்தான். நாம் பெயர் தேடும் தொழிலில் ‘சோர்ஸ்’ என்பது சேதி எங்கிருந்து கிடைத்தது என்பதைக் குறிக்கும். 1939-இல் பிபிசி அயல்நாட்டு வானொலிகளைக் கேட்டு எழுத ஒரு பிரிவு வைத்தது. 1941-இல் அமெரிக்காவும் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. காற்றில் எல்லார் காதுக்கும் வந்ததைத்தான் உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே நிரலும் இல்லை, உரிமமும் இல்லை. நுண்ணறிவு கதையும் இதுவே. செயற்கை நுண்ணறிவில் அது அறிவுத்திறன். இங்கே அது திரட்டிச் சலித்து எடுத்த சேதி. ‘இன்டெலிஜென்ஸ்காரர் வந்திருக்கிறார்’ என்றால் புத்திசாலி ஒருவர் வந்திருக்கிறார் என்று யாரும் எழுந்து நிற்பதில்லை.

போன வாரம் நான் முன்வைத்த ‘பொதுவெளித் துப்பு’ என்பதையும் திரும்பப் பெறுகிறேன். சோறு போட்டுக்கொண்டே வீட்டம்மா கேட்ட கேள்வி: “பொது இடத்தில் எச்சில் துப்பாதீர்னு பஸ் ஸ்டாண்ட் பூரா எழுதிவெச்சிருக்கான். நீங்க என்னடான்னா துப்பச் சொல்றீங்களா?” அதற்கு மேல் அந்தச் சொல் பிழைக்கவில்லை.

> வள்ளுவர் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ‘திறந்த ஒற்று’ என்றால் ஆகாதா?

ஊத்தங்கரை அம்மாவின் யோசனையில் எனக்கு ஆசை உண்டு. ஆனால் அதே அதிகாரத்தின் 587-ஆம் குறள் குறுக்கே நிற்கிறது: ‘மறைந்தவை கேட்கவற் றாகி அறிந்தவை ஐயப்பாடு இல்லதே ஒற்று.’ ஒற்று என்றாலே மறைந்ததைக் கேட்க வல்லது. நாம் பேசுவது மறையாததைப் பற்றி. ‘திறந்த ஒற்று’ என்றால் பகலில் வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு வரும் திருடன் மாதிரி இருக்கிறது. குறளின் பின்பாதி, ஐயப்பாடு இல்லாதபடி அறிவது, அது மட்டும் அப்படியே பொருந்தும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 589-இல் மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்கிறார். அதற்கு முன் ‘ஒற்றொற்று உணராமை ஆள்க’ என்று நிபந்தனை போடுகிறார்: ஒருவரை ஒருவர் அறியாதபடி வைத்திரு. இன்றைக்குப் பத்து யூடியூப் சேனல்களில் ஒரே காணொளி ஓடினால் பத்து சாட்சி என்று நினைக்கிறோம். பத்தும் ஒரே பார்வர்டை எடுத்துப் போட்டிருந்தால் சாட்சி ஒன்றுதான். இந்தத் துறையின் முதல் பாடம் இது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ராகி அறுவடைச் சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு யானைகள் இறங்குவது நமக்குத் தெரிந்ததுதான். அங்கே ஒரு வனக் காவலர் கயிறு எடுத்து ஈர மண்ணில் பதிந்திருந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றி வைத்து அளந்ததைப் பார்த்தேன். அந்தச் சுற்றளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு யானையின் தோள் உயரமாம். கயிற்றை மடக்கிப் பார்த்துவிட்டு “பெரிய உருப்படி சார்” என்றார். யானை லத்தி (சாணம்) காய்ந்திருக்கிறதா, ஒடிந்த கிளை வாடியிருக்கிறதா என்று பார்த்து எப்போது போனது என்றும் சொன்னார். யானையை அவர் பார்க்கவே இல்லை. தடம் வழியில் கிடந்தது. நானும்தான் அதன் மேல் நடந்து வந்திருந்தேன்.

அதனால் என் முன்மொழிவு: பொதுவெளித் தடமறிதல். பேச்சில் வெறும் தடமறிதல்.

அதே வாரம் எங்கள் தெரு வாட்சப் குழுவில் ‘நேற்று இரவு தேன்கனிக்கோட்டை சாலையில் யானைக் கூட்டம்’ என்று ஒரு காணொளி வந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற லாரியின் எண் நம் கிருஷ்ணகிரியின் டிஎன் 24-உம் இல்லை, ஓசூரின் 70-உம் இல்லை. கேஎல் என்று தொடங்கியது. மைல்கல்லில் எழுத்து மலையாளம். ஒரு சட்டகத்தை வெட்டிப் படத் தேடலில் போட்டதும் அதே காட்சி பழைய தேதியில் வந்து நின்றது. இங்கே செய்தது இரண்டு: எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது. ஆங்கிலத்தில் ‘ஜியோலொக்கேஷன்’, ‘குரோனோலொக்கேஷன்’ என்று இதற்குப் பெயர். நமக்கு 49-ஆம் அதிகாரம் காலமறிதல், 50-ஆம் அதிகாரம் இடனறிதல். தயாராகவே இருக்கின்றன! தடமறிதல் என்று வைத்தால் மூன்றும் ஒரே வரிசையில் உட்காரும்.

2014 ஜூலை 17 அன்று எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அதை வீழ்த்திய ஏவுகணை வண்டி எந்தச் சாலைகளில் போனது என்று பெல்லிங்கேட் என்ற இணையப் புலனாய்வுக் குழு கண்டறிந்தது, ஊர்க்காரர்கள் இணையத்தில் போட்ட படங்களை வைத்துத்தான். கட்டட முகப்பும் விளம்பரப் பலகையும் இடனறிய உதவின. நிழல் விழுந்த பக்கம் காலமறிய உதவியது. வண்டி போய்விட்டது, தடம் கிடந்தது.

தருமபுரியிலிருந்து
*

அண்ணா, ஓசூரிலிருந்து எழுதுகிறேன். சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் தடம் என்றதும் ‘டிராக்கிங்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், ஆளைப் பின்தொடர்வது மாதிரி. பக்கத்திலேயே தடயவியல் வேறு இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தையும் ஏஐ செய்த போலிப் படத்தையும் அலசுவதை இதில் அடக்க முடியுமா? நேராக ‘வெளிப்படைத் தகவல் பகுப்பாய்வு’ என்றால் என்ன?

*

தம்பி, அது நல்ல விளக்கம், பெயர் ஆகாது. அதைச் செய்பவரை எப்படிக் கூப்பிடுவாய்? தடமறிவோர் என்று என்னால் சொல்ல முடியும்.

தடயவியலில் பொருள் சீல் வைத்து ஆய்வகத்துக்குப் போகிறது. தடம் தெருவில் கிடக்கிறது. அந்த வித்தியாசம் போதும் என்று நினைக்கிறேன். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்; அதில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் நீர் எவ்வளவு சுருங்கியது என்று அதில் பார்ப்பதும் தடமறிதல்தான். ஏஐ படத்துக்கு என்னிடம் விடை இல்லை. யானையே வராமல் விழுந்த தடம் அது. அதற்கு ‘பொய்த்தடம்’ என்று வைக்கலாமா, குழுவினர் சொல்லுங்கள்.

ஆளைப் பின்தொடர்வது என்ற உன் பயம் நியாயமானது. அந்த வேலைக்கும் இதே முறைகள்தான் பயன்படுகின்றன. சொல் அதை மூடி மறைக்காமல் இருப்பதில் எனக்குச் சம்மதமே.

பி.கு.: ஒற்று வேண்டாம் என்றது நான்தான். ஆனால் ‘பொதுவெளித் தடமறிதல்’ என்பதில் நடுவில் வரும் ‘த்’ என்ற ஒற்றை யாரும் விட்டுவிடாதீர்கள்.