ஃபால்அவுட் 4: சான்க்சுவரி வொர்க்‌ஷாப்பில் தண்ணீர் ஏறவே இல்லை, கேப்ஸ் சேர்க்க வழி சொல்லுங்கள்

மன்னார்குடி பையன்:

வணக்கம். பிஎஸ்4-இல் ஃபால்அவுட் 4 கேம் ஆடுகிறேன். லெவல் 13, நார்மல் மோட், கரிஸ்மா (பேசி வசப்படுத்தும் திறன்) 3. கையில் கேப்ஸ் (இந்தக் கேமின் காசு) தங்குவதே இல்லை. நிலத்தடி ஊரான வால்ட் 81-இல் அலெக்சிஸ் கடையில் ஓவர்சியர்ஸ் கார்டியன் என்று ஒரு ரைஃபிள் கிடைக்கும் என்று யூட்யூபில் பார்த்தேன். அதை எப்படியாவது வாங்க வேண்டும்.

தண்ணீர் விற்றால் நல்ல காசு என்று எல்லோரும் சொன்னதால், நான் கட்டும் சான்க்சுவரி ஊரின் ஆற்றில் சின்ன வாட்டர் ப்யூரிஃபையர் நான்கு இறக்கினேன். ஊரில் 8 பேர். தண்ணீர் கணக்கு 40 என்று மேலே காட்டுகிறது. ஆனால் வொர்க்‌ஷாப் பெட்டியில் ப்யூரிஃபைடு வாட்டர் முப்பது சொச்சத்தில் அப்படியே நிற்கிறது. நூறு சேர்ந்ததும் மொத்தமாக விற்கலாம் என்று எடுக்காமல் வைத்திருக்கிறேன். எத்தனை முறை தூங்கி எழுந்தாலும் ஒரு பாட்டில்கூட ஏறவில்லை.

ரெய்டர்களைச் சுட்டு அவர்கள் துப்பாக்கிகளைப் பொறுக்கி வந்து விற்கிறேன். நாலு துப்பாக்கி எடுத்ததுமே எடை கூடி ஓட முடியவில்லை. கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரரிடமும் கேப்ஸ் இல்லை. என்ன செய்வது?

காரைக்கால் காற்று:

பிசியில் இருந்தால் கட்டளை அடிக்கும் கன்சோலைத் திறந்து ஒரு வரி அடித்தால் ஆயிரம் கேப்ஸ் வந்துவிடும். பிஎஸ்4-இல் அந்த வசதி இல்லை. மாட் (கேமை மாற்றும் கோப்பு) போடலாம், ஆனால் போட்டால் டிராபி கிடைக்காது.

முதலில் கம்பியைப் பார். ப்யூரிஃபையருக்கு ஜெனரேட்டரிலிருந்து ஒயர் நேராகப் போக வேண்டும். பல்பு மாதிரி பக்கத்தில் கரண்ட் பரப்பும் கண்டியூட் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டால் ஓடாது. சின்ன ப்யூரிஃபையர் ஒன்றுக்கு 2 பவர், நான்குக்கு 8. மீடியம் ஜெனரேட்டர் ஒன்று 5 தரும். ஆகவே இரண்டு வேண்டும்.

மன்னார்குடி பையன்:

மீடியம் ஜெனரேட்டர் இரண்டு இருக்கிறது அண்ணா. ஒயரும் சரியாக இருக்கிறது. 40 என்று காட்டுகிறதே, ஓடாமல் எப்படிக் காட்டும்?

அரசலாற்றங்கரை:

தம்பி, கம்பியில் குறை இல்லை. நீ தண்ணீரைப் பெட்டியிலேயே விட்டு வைத்திருப்பதுதான் காரணம்.

ஆட்டக்கணக்கில் நாளுக்கு ஒரு தடவை கேம் கணக்குப் பார்க்கும். ஆளுக்கு ஒரு தண்ணீர் வீதம் 8 போக மீதி 32. அந்த 32-ஐத்தான் பாட்டிலாக்கிப் பெட்டியில் போடும். ஆனால் போடுவதற்கு முன்னால், பெட்டியில் ஏற்கெனவே எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்கும். ஒரு வரம்புக்கு மேல் இருந்தால் அன்றைக்கு எதுவும் போடாது. மேட்டூரில் 120 அடி நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் திறந்து விடுவார்கள், நமக்கும் வந்து சேரும். இந்தக் கேம் மிஞ்சியதைத் திறந்து விடாது, வரத்தையே நிறுத்திவிடும்.

ஆகவே இருக்கிற பாட்டில் அத்தனையையும் வெளியே எடு. பக்கத்தில் ஒரு மரப்பெட்டியோ அலமாரியோ வைத்து அதில் மாற்று. வொர்க்‌ஷாப்பில் ஒன்றுகூட விடாதே. வேறு குடிபானங்கள் கிடந்தால் அவற்றையும் எடுத்துவிடு. அப்புறம் ஊரை விட்டு வெளியே போய், ஒரு நாள் கழித்துத் திரும்பி வா. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்.

இன்னொன்று, இதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் கூடக் கூட ஊர்மேல் தாக்குதல் வரும் வாய்ப்பும் கூடும். உணவு, தண்ணீர் இரண்டையும் கூட்டினால் வரும் எண்ணைவிட டிஃபென்ஸ் எண் குறையக் கூடாது. உனக்குத் தண்ணீர் 40, உணவு ஒரு 10 என்றால் 50 வேண்டும். தானாகச் சுடும் சாதாரண மெஷின் கன் டரெட் ஒன்று 5 தரும், அதற்குக் கரண்டும் வேண்டாம். பத்து வைத்தால் சரியாகிவிடும். தாக்குதலில் ப்யூரிஃபையரோ ஜெனரேட்டரோ உடைந்தால், ரிப்பேர் பண்ணும்வரை தண்ணீர் நின்றுவிடும்.

குடமுருட்டி:

அக்கா சொன்னது தண்ணீருக்கு. எடைப் பிரச்சினைக்கு நான் சொல்கிறேன்.

பைப் துப்பாக்கியைச் சுமப்பதை இன்றோடு விடு. ஒரு பொருளை எடுக்கும் முன் அதன் விலையை எடையால் வகுத்துப் பார். ப்யூரிஃபைடு வாட்டர் அடிப்படை விலை 20, எடை 0.5. போருக்கு முந்தைய பணக்கட்டு விலை 8, எடையே இல்லை. எங்கே பார்த்தாலும் எடுத்துப் போட்டுக்கொள், ஆனால் ஜங்க்கோடு சேர்த்து உடைத்து ஸ்க்ராப் பண்ணிவிட்டால் வெறும் துணிதான் மிஞ்சும். ஜெட் என்ற போதை மருந்து விலை 50, எடை 0.1. நீ ஆடுவது சர்வைவல் மோட் இல்லை என்பதால் குண்டுகளுக்கும் எடை கிடையாது. உனக்குப் பொருந்தாத குண்டு எல்லாமே விற்பனைச் சரக்குதான்.

ஜெட் நீயே காய்ச்சலாம். கெமிஸ்ட்ரி ஸ்டேஷனில் உரம் 2, பிளாஸ்டிக் 1. உரத்துக்கு ஊரில் பிராமின் என்ற மாடு ஒன்று இருந்தால் போதும். இரண்டு தலை இருந்தாலும் மாடு மாடுதான், சாணம் தானாகப் பெட்டிக்கு வந்து சேரும். பிளாஸ்டிக்குக்குக் குப்பையில் பஞ்சமே இல்லை.

அரசலாற்றங்கரை:

ஜெட் லாபம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்ரம்லின் டைனரில் கடை வைத்திருக்கும் ட்ரூடியின் மகன் பேட்ரிக் அந்த ஜெட்டால்தான் கெட்டுப் போயிருக்கிறான். அந்த அம்மாவிடமே ஜெட்டை விற்க எனக்கு மனசு வரவில்லை. அங்கே தண்ணீர் மட்டும் கொடுப்பேன். அவரவர் விருப்பம்.

மன்னார்குடி பையன்:

அக்கா, வந்துவிட்டது! எல்லாவற்றையும் எடுத்து வேறு பெட்டியில் வைத்துவிட்டு லெக்சிங்டன் பக்கம் போய்வந்தேன். திரும்பி வந்தால் புதுசாக 32 பாட்டில். இப்போது மொத்தம் அறுபதுக்கு மேல் இருக்கிறது. டரெட்டுக்கும் இரும்பு சேர்க்கிறேன்.

ஆனால் வியாபாரி கார்லாவிடம் கொண்டுபோனால் பாதியிலேயே அவர் கேப்ஸ் தீர்ந்துவிட்டது. மீதித் தண்ணீரைச் சும்மா கொடுக்கவா முடியும்?

அரசலாற்றங்கரை:

நல்லது தம்பி.

இந்தக் கேமில் கேப்ஸைக் குவிப்பதைவிடச் சரக்கைச் சரக்காகவே மாற்றிக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். பார்ட்டர் திரையில் விற்பதையும் வாங்குவதையும் ஒரே பேரத்தில் வைக்கலாம். கடைக்காரரிடம் 200 கேப்ஸ்தான் இருக்கிறது, உன் தண்ணீர் 500 பெறும் என்று வைத்துக்கொள். 300-க்கு அவரிடமிருந்து குண்டோ ஸ்டிம்பேக் மருந்தோ எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். அந்தக் குண்டை அடுத்த கடையில் கொடுத்து வேறு வாங்கு. இப்படித்தான் நான் காலணாக் கையில் இல்லாமல் ஸ்டீல் ஷிப்மென்ட் எல்லாம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் கொஞ்சம் நட்டம் உண்டு, அதனால் தேவையில்லாததை வாங்காதே.

உன் ரைஃபிளுக்கும் இதே வழிதான். அலெக்சிஸிடம் போகும்போது கையில் முழு விலையும் கேப்ஸாக இருக்க வேண்டும் என்று காத்திருக்காதே. தண்ணீர், ஜெட், குண்டு, இருக்கிற கேப்ஸ் எல்லாவற்றையும் அந்த ஒரே பேரத்தில் வை. ரைஃபிள் விலைக்கு ஈடாகச் சரக்கு இருந்தால் அவரிடம் கேப்ஸ் இருக்கிறதா என்பதே கேள்வி இல்லை.

குடமுருட்டி:

கேப்ஸாகவே வேண்டுமென்றால் டயமண்ட் சிட்டி மார்க்கெட்டுக்குப் போ. ஆர்ட்டுரோ, மைர்னா, டாக்டர் சன் என்று பக்கம் பக்கமாகக் கடை. ஒருவரிடம் தீர்ந்தால் அடுத்தவர். ஆட்டக்கணக்கில் இரண்டு நாள் போனால் மறுபடியும் அவர்கள் கையில் காசு புரளும்.

விற்கும்முன் உடையை மாற்று. கரிஸ்மா 3 என்றால் 20 கேப்ஸ் தண்ணீருக்குப் பாதிகூடத் தரமாட்டார்கள். கரிஸ்மா கூட்டும் சூட், தொப்பி, கண்ணாடி ஏதாவது கிடைத்தால் விற்காமல் வைத்திரு, கடை வாசலில் மட்டும் போட்டுக்கொள். அடுத்த லெவலில் கேப் கலெக்டர் பெர்க் (கூடுதல் திறமை) எடு, அதற்குக் கரிஸ்மா 1 போதும். சொந்தமாகக் கடை வைக்க லோக்கல் லீடர் பெர்க்கின் இரண்டாம் படி வேண்டும். கரிஸ்மா 6, லெவல் 14 கேட்கும். கடை கட்டவே கேப்ஸ் கரையும் என்பதால் உனக்கு இப்போது அது வேண்டாம்.

மன்னார்குடி பையன்:

சரி அண்ணா. இன்னொரு 32 வந்ததும் வால்ட் 81-க்குக் கிளம்புகிறேன். ஃப்யூஷன் கோர் (பவர் ஆர்மர் கவசத்துக்கான பேட்டரி) நான்கு இருக்கிறது, நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள். அதையும் பேரத்தில் வைத்துவிடலாமா?

அரசலாற்றங்கரை:

வேண்டாம் தம்பி! வால்ட் 81 வாசலில் உள்ளே விடுவதற்கே மூன்று ஃப்யூஷன் கோர் கேட்பார்கள். பேசிச் சமாளித்தும் போகலாம், கரிஸ்மா 3-ல் அதை நம்பிப் போகாதே. மூன்றை வாசலில் கொடு, நான்காவதை பவர் ஆர்மருக்கு வைத்துக்கொள். அறுபதோடு 32 சேர்ந்தால் தண்ணீர் மட்டுமே 46 எடை வரும், அதனால் கிளம்பும் முன் ஜங்க் எல்லாவற்றையும் வொர்க்‌ஷாப்பில் இறக்கிவிட்டுப் போ. ரைஃபிளுக்கு .45 குண்டு வேண்டும், வழியில் கிடைப்பதை விற்காதே.