கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்புப் பணி: இன்னும் மனதை விட்டு அகலாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

உவர்மலை வாசி
எத்தனையோ மென்பொருள்களுக்குள் இருக்கும் லொக்4ஜே என்ற பதிவுக் கருவியில் ஓட்டை வெளிவந்த 2021 டிசெம்பரை இங்கு எவருக்கும் விளக்கத் தேவையில்லை. திருத்திய பதிப்பு 2.15 ஐப் போட்டு முடிப்பதற்குள் 2.16 வந்தது, அதை முடிப்பதற்குள் 2.17 வந்தது, எந்த மென்பொருளின் வயிற்றுக்குள் அது ஒளிந்திருக்கிறது என்று தேடியே இரவுகள் கழிந்தன. ஆனால் என்னை இன்றும் அரிப்பது அந்த வேலையல்ல. அந்த நாள்களில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவின் வற்புறுத்தலால் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போயிருந்தேன். தீபாராதனை மணி அடித்ததும் எல்லோரும் கைகூப்ப, என் கை மட்டும் வேட்டி மடிப்பில் செருகியிருந்த தொலைபேசிக்குப் போனது. ஒரு அலேர்ட்டும் இல்லை. இருந்தும் திரையைக் கீழே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐயர் தீபத் தட்டுடன் என் முன்னால் காத்து நிற்பதை, அம்மா முழங்கையால் இடித்த பிறகே கண்டேன். “விசர் பிடிக்கப் போகுதடா தம்பி” என்றார்.

கிண்ணியாக்காரன்
உங்களுக்காவது எதிரி என்று ஒருவன் இருந்தான். 2024 யூலை 19 அன்று எங்களை எவரும் தாக்கவேயில்லை. காவலுக்கு வைத்த கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளின் பிழையான அப்டேட்டே கணினிகளை நீலத்திரையோடு முடக்கிவிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் என்று மைக்ரோசொவ்ட் மதிப்பிட்டது. நம் நேரப்படி காலை பத்து மணிக்கு முன்பே தொடங்கியதால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையும் தவறியது. ஒவ்வொரு கணினியையும் கையாலேயே மீட்க வேண்டியிருந்தது. கிளை அலுவலகத்தில் இருந்த ஓர் அக்காவுக்கு கணினியின் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் மீட்புக் குறியீட்டில் உள்ள 48 இலக்கங்களையும் தொலைபேசியில் வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “தம்பி, நீங்க அழுறீங்களா?” என்று கேட்டார். அதுவரை எனக்கே அது தெரியாது.

பழைய அட்மின்
இருவரும் வேலையைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை வந்த 2017 மே 12 உம் வெள்ளிக்கிழமைதான் (இந்தத் தொழிலுக்கும் வெள்ளிக்கும் என்ன பகையோ!). அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 இலேயே வெளிவந்திருந்தும், அதைப் போடுவதற்காகச் சேவையை நிறுத்த எனக்கு அனுமதி தரப்படவில்லை. பிறகு நடந்த கூட்டத்தில், “ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று என்னையே கேட்டார்கள்; நான் அனுப்பியிருந்த மின்னஞ்சலின் பிரதி என் கையில் இருந்தது. ஆகவே தம்பிமாரே, முதலில் எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். பணி அலேர்ட்டுக்குத் தனியான ஒலியை வைத்து, முறை முடிந்ததும் அதனை அணைத்துவிடுங்கள். வீணாகக் கத்தும் அலேர்ட் விதிகளை வாரந்தோறும் களையுங்கள். நூறு பொய் அலேர்ட்டுகளை மூடிப் பழகிய கை நூற்றோராவதையும் மூடிவிடும். இரவுப் பணிக்குப் பின் பகலில் கறுப்புத் திரைச்சீலை போட்டு உறங்குங்கள். மாலையில் டச்சுக்குடா கடற்கரையில் நடந்து வாருங்கள். தாங்க முடியாவிட்டால் 1926 க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பணியைக் கைமாற்றாமல் இடத்தை விட்டு எழும்பவே வேண்டாம்.

நிலாவெளி ஷிப்ட்
அண்ணா, உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாடான ஐசிடி-11 இல் இந்தப் பணிச்சோர்வை (burnout) நோய் என்று சொல்லவில்லை; சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. அவ்வாறிருக்க, திரைச்சீலையையும் கடற்கரையையும் எங்களிடம் மட்டும் சொல்வது என்ன நியாயம்? எங்கள் பிரிவில் இரவுக்கு நான் ஒருத்திதான். கழிவறைக்கும் மடிக்கணினியைக் கொண்டுபோய்த் தரையில் விரித்து வைக்கிறேன். நான் யாரிடம் கைமாற்றுவது?