ஐ7ஐ விட்டு ஐ3க்கு இறங்குவதா?

கணபதி_லேத்:
கோவை கணபதியில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு விஎம்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மில்லிங் மெஷின்), இரண்டு லேத். பம்ப் உதிரிகளுக்கான டை (அச்சு) வேலைதான் அதிகம். சாலிட்வொர்க்ஸில் (முப்பரிமாண மாடல் வரையும் மென்பொருள்) வரைவதும் நானேதான். 2015இல் வாங்கிய இன்டெல் கோர் ஐ7 4790 ப்ராசசர், 16 ஜிபி ராம், பிற்பாடு போட்ட சாட்டா எஸ்எஸ்டி. இம்பெல்லர் மாதிரி பெரிய மாடலில் ஆரம்பத்தில் இருக்கும் ஒரு அளவை மாற்றினால் போதும், ரீபில்டு (மாடலைத் திரும்பக் கணக்கிடுவது) முடிவதற்குள் டீக்கடைக்குப் போய் வந்துவிடலாம். பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். "ஐ3 12100 போடுங்கப்பா, இதைவிட வேகம்" என்கிறான். ஏழிலிருந்து மூன்றுக்கா? இரண்டிலும் 4 கோர் (கணக்குப் போடும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). என்னுடையது 4.0 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அது 4.3. இந்த ஏழெட்டு சதவீதத்துக்காகப் போர்டு, ராம் எல்லாவற்றையும் மாற்றவா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பின்னலாடை_டிசைனர்:
அண்ணா, கையில் இருப்பதை விடாதீங்க. நான் திருப்பூரில் பனியனுக்குப் பிரின்ட் டிசைன் போடுகிறேன். என்னிடமும் அதே 4790தான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்ட அன்றைக்குத்தான் கம்ப்யூட்டரே மாறின மாதிரி இருந்தது. அதை நீங்களும் போட்டுவிட்டீங்க. ஐ7 அந்தக் காலத்து உச்சம், ஐ3 இந்தக் காலத்து அடிமட்டம். கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு நம்பரைக் கூட்டி விற்றுக்கொண்டேதான் இருப்பான். அதற்கெல்லாம் ஆடினால் ஜாப் ஒர்க்கில் வருவது போர்டுக்கே போய்விடும்.

நொய்யல்கரை:
டிசைனர் தம்பி, அந்த 7ஐயும் 3ஐயும் நேருக்கு நேர் வைப்பதுதான் தப்பு. அவை அந்தந்த வருஷத்துக் குடும்பத்துக்குள் யாருக்கு எந்த இடம் என்று சொல்கிற எண்கள். 4790 வந்தது 2014இல், ஹாஸ்வெல் என்ற குடும்பம். 12100 வந்தது 2022 ஜனவரியில், ஆல்டர் லேக் குடும்பம். நடுவில் எட்டு வருஷம் கிடக்கிறது.

கணபதி அண்ணனுக்கு லேத்தை வைத்தே சொல்கிறேன். கிகாஹெர்ட்ஸ் என்பது ஸ்பிண்டில் ஆர்பிஎம். இரண்டு லேத்தும் ஒரே ஆர்பிஎம்மில் சுற்றுகின்றன, ஒன்றில் அரை மில்லி கட் எடுக்கிறீங்க, இன்னொன்றில் ஒரு மில்லி. எதில் ஜாப் முதலில் இறங்கும்? ஆர்பிஎம்மை மட்டும் பார்த்து யாராவது லேத் வாங்குவார்களா?

4790இன் கோர் ஒரு சுற்றில் நாலு கட்டளைகளைப் பிரித்தெடுக்கிற அமைப்பு. 12100இல் ஆறு. எது தயாராக இருக்கிறதோ அதை முன்னால் எடுத்துச் செய்வதற்காகக் கோர் தன் கையில் வைத்திருக்கும் வரிசை பழையதில் 192 இடம், புதியதில் 512. கோருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் எல்2 கேஷ் அதில் 256 கேபி, இதில் 1.25 எம்பி. எல்லாக் கோரும் பங்கிடும் எல்3 அதில் 8 எம்பி, இதில் 12. டூல் ராக் பெஞ்ச் பக்கத்திலேயே இருந்தால் அடிக்கடி ஸ்டோர் ரூமுக்கு நடக்க வேண்டாம் இல்லையா, அதுதான் கேஷ். இதெல்லாம் சேர்ந்து ஒற்றைக் கோர் வேலையில் புதியது ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. உங்கள் பையன் சொன்னது சரி.

சோமனூர்_தறி:
கரண்டையும் சேர்த்துக்கோங்க. 4790 84 வாட், 12100 வெறும் 60 வாட்.

நொய்யல்கரை:
நம்ம கட்சிக்காரர் என்றாலும் இதை ஒப்புக்கொள்ள முடியாதுங்க. 60 என்பது அடிப்படை அளவு. முழு மூச்சில் ஓடும்போது 12100க்கு 89 வாட் வரை இன்டெல்லே அனுமதிக்கிறது. அந்த 24 வாட் மிச்சத்தை அப்படியே நம்பினாலும் நாளைக்கு 10 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று போட்டால் 72 யூனிட். தறி ஓட்டுகிற உங்களுக்கு 72 யூனிட் எந்த மூலைக்கு? கரண்டுக்காக யாரும் ப்ராசசர் மாற்ற வேண்டாம்.

பின்னலாடை_டிசைனர்:
ஒற்றைக் கோர், ஒற்றைக் கோர் என்றே பேசுறீங்க. அப்புறம் எதற்கு நாலு கோர் கொடுக்கிறான்? வேலை எட்டு த்ரெட்டுக்கும் பிரிந்துதானே போகும்? என் நண்பர் ஒருத்தர் போன வருஷம் புது ஐ3 12100 வாங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், பெரிய ஃபைலில் என் 4790ஐவிடப் பிரமாதமாக ஒன்றும் ஓடவில்லை.

நொய்யல்கரை:
நண்பர் மெஷினில் ராம் எத்தனை ஸ்டிக் என்று கேட்டுச் சொல்லுங்க. கணபதி அண்ணா, நீங்கள் அடுத்த தடவை ரீபில்டு ஓடும்போது டீக்கடைக்குப் போகாமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு எத்தனை சதவீதம் என்று பாருங்க.

கணபதி_லேத்:
பார்த்துவிட்டேன். 13 சதவீதம். ரீபில்டு முடியும் வரை 12, 13 இதிலேயே நிற்கிறது. அப்படியென்றால் ப்ராசசர் முக்கால்வாசிக்கு மேல் சும்மாதானே இருக்கிறது?

பின்னலாடை_டிசைனர்:
பார்த்தீங்களா! 13 சதவீதம் உழைக்கிறவனை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்கிறார். ப்ராசசர் மீது ஒரு குற்றமும் இல்லை அண்ணா.

நொய்யல்கரை:
100ஐ 8ஆல் வகுத்துப் பாருங்க தம்பி. பன்னிரண்டரை. எட்டு த்ரெட்டில் ஒன்று மட்டும் முழு வேகத்தில் மூச்சுமுட்ட ஓடுகிறது, மீதி ஏழும் வேடிக்கை பார்க்கின்றன என்று அர்த்தம். பார்ட் ரீபில்டு அப்படித்தான். ஃபீச்சர் மரத்தில் (மாடலை உருவாக்கிய படிகளின் பட்டியல்) மேலே இருப்பதை முடித்தால்தான் கீழே இருப்பதைத் தொட முடியும். போர் (நடுத் துளை) போடாத புல்லியில் கீவே (அந்தத் துளைக்குள் வெட்டும் காடி) வெட்ட முடியுமா? பக்கத்தில் ஏழு ஆள் சும்மா நின்றாலும் அந்த ஒருத்தர் முடிக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த ஒருத்தர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதுதான் இங்கே கேள்வி.

ரெண்டரிங், சிமுலேஷன் மாதிரி பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலையில் எல்லாக் கோரும் ஓடும். அதிலும் நாலுக்கு நாலுதான் என்பதால் ஒவ்வொரு கோரின் வேகம் அப்படியே மேலே வந்து சேரும். 4790 எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று நானும் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

பின்னலாடை_டிசைனர்:
நண்பரிடம் கேட்டேன். 8 ஜிபி, ஒரே ஸ்டிக். கடைக்காரர் "பிறகு இன்னொன்று போட்டுக்கலாம்" என்றாராம். இவர் போடவே இல்லை.

நொய்யல்கரை:
நான் நினைத்தேன். டிடிஆர்4 3200 இரண்டு ஸ்டிக் போட்டால் விநாடிக்கு 51.2 ஜிபி வரை போகும். ஒன்று மட்டும் போட்டால் அதில் பாதி, 25.6. டிடிஆர்3 1600 இரண்டு ஸ்டிக் போட்ட பழைய 4790க்கும் அதே 25.6தான். புது லாரி வாங்கிப் பழைய மண் ரோட்டில் விட்டிருக்கிறார். இன்னொரு 8 ஜிபி போடச் சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் பாருங்க.

பேரூரான்:
வேகத்தைவிட எனக்கு வேறு கவலை. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கில் எடுக்கிறார்கள். 4790 நாலாம் தலைமுறை.

பின்னலாடை_டிசைனர்:
குறுக்கு வழியில் 11 ஏற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நெட்டைப் பிடுங்கிவிட்டால் 10ஏ போதும்.

கணபதி_லேத்:
அது முடியாது தம்பி. பார்ட்டிகள் டிராயிங்கை மெயிலில்தான் அனுப்புகிறார்கள். ஜிஎஸ்டியும் இதே மெஷினில்தான். ஆனால் எனக்கு உண்மையான சிக்கல் வேறு, அதை இன்னும் சொல்லவில்லை. விஎம்சியில் இருப்பது பழைய கண்ட்ரோல். புரோகிராம் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் கேபிளில்தான் போகும். கண்ட்ரோல் மெமரிக்குள் அடங்காத பெரிய புரோகிராம் என்றால் டிரிப் ஃபீட், கடைசி வரி போகும் வரை இந்தக் கம்ப்யூட்டர்தான் ஊட்ட வேண்டும். 4790 பெட்டியின் பின்னாலேயே அந்தக் கேபிளைச் செருகும் காம் போர்ட் இருக்கிறது. ஒரு தடவை லேப்டாப்பில் யுஎஸ்பி கன்வர்ட்டர் போட்டுப் பார்த்தேன். பாதி வழியில் தொடர்பு விட்டு, கட்டர் ஜாபுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த டை பழைய இரும்புக்குப் போனது.

பின்னலாடை_டிசைனர்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சே வேண்டாம். 4790தான்!

நொய்யல்கரை:
இது நியாயமான காரணம், மறுக்க மாட்டேன். ஆனால் 12100க்குப் பொருந்தும் ஹெச்610 போர்டுகள் பலவற்றில் காம் ஹெடர் பின் இருக்கிறது, வெளியே இழுக்க ஒரு பிராக்கெட் கேபிள் போதும். வாங்கும் முன் போர்டு மேனுவலில் பார்த்துக்கோங்க. அதைவிட, டிரிப் ஃபீட் ஓடும் மெஷினிலேயே மாடல் வரைவதே சரியில்லை. ஊட்டுகிற வேலைக்கு 4790 என்ன, அதற்கு முந்தைய மெஷினே போதும். அதை விஎம்சி பக்கத்தில் நிறுத்தி, நெட் இல்லாமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கோங்க. டிசைனர் தம்பி சொன்ன 10 அங்கே தாராளமாக ஓடட்டும். வரைவதற்கு 12100, ஹெச்610 போர்டு, டிடிஆர்4 8 ஜிபி இரண்டு ஸ்டிக். தனி கிராபிக்ஸ் கார்டு போடவில்லை என்றால் 12100எஃப் வாங்கிவிடாதீங்க, அதில் டிஸ்ப்ளே வராது. பிற்பாடு வேலை கூடினால் அதே எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 13, 14ஆம் தலைமுறை ஐ5 உட்காரும், பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் மட்டும் தேவைப்படலாம்.

கணபதி_லேத்:
சரிங்க. சனிக்கிழமை காந்திபுரம் போகிறேன், பையனையும் கூட்டிக்கொண்டு. ஐ3 என்று பில்லில் பார்க்கும்போது மனசு கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும்.

பின்னலாடை_டிசைனர்:
அண்ணா, மனசு மாறி அந்த 4790ஐ விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்க. என் போர்டு ஒரு வாரமாகக் காலையில் இரண்டாவது தடவை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது.