மூலை மனையில் கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்): அமெரிக்கத் தெரு ஒன்றின் குரூப்பில் ஒரு சாயங்காலம்

கவிதா: மூலையில இருக்கிற காலி மனையில மஞ்ச போர்டு நட்டிருக்காங்க, பாத்தீங்களா? கேஸ் ஸ்டேஷன் வருதாம். பின்னாடி மதில ஒட்டி டேகேர் விளையாட்டு இடம். எனக்கு மனசே ஆறல.

செல்வம்: நானும் பாத்தேன். இன்னிக்கே கையெழுத்து வாங்க ஆரம்பிப்போம். ஒரு வீடு விடக்கூடாது. அத்தனை பேரும் போய் வேண்டாம்னு நின்னா சிட்டி எப்படி அனுமதி கொடுக்கும்?

இளங்கோ: செல்வம் அண்ணா, எனக்கு வேணும். ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வண்டிக்குப் பெட்ரோல் போட ஹைவே வரைக்கும் போறேன். அந்த மனை கமர்ஷியல்னு நாம வீடு வாங்கும்போதே ஜோனிங் மேப்ல, எங்க என்ன கட்டலாம்னு சிட்டி போட்ட மேப்ல, இருந்துச்சு.

கவிதா: கமர்ஷியல்னா சலூன், மளிகைக் கடைன்னுதான் நெனச்சோம். பூமிக்கடியில பெட்ரோல் தொட்டி புதைப்பாங்கன்னு யாரு நெனச்சா?

பிரபு: வளர்மதி அக்கா பிளானிங் ஆபீஸ்லதானே இருக்காங்க. அக்கா, இங்க கொஞ்சம் வாங்க.

வளர்மதி: இப்பதான் வீட்டுக்கு வந்தேன். நான் வேலை பாக்கிறது பக்கத்து கவுன்ட்டில, அதனால இந்த விஷயத்துல நான் பேசலாம். கவிதா, போர்டுல மேல என்ன போட்டிருக்கு? ரீஜோனிங்கா, சைட் பிளானா, கண்டிஷனல் யூஸா?

கவிதா: கண்டிஷனல் யூஸ் பெர்மிட்னு இருக்கு. கீழே பிளானிங் கமிஷன் ஹியரிங் (பொது விசாரணை) தேதி.

வளர்மதி: அப்ப நமக்குப் பேச இடம் இருக்கு. கமர்ஷியல் ஜோன்ல சில தொழில் கேள்வியே இல்லாம வரலாம். சிலது ஒவ்வொரு மனைக்கும் தனியா கேட்டு, ஹியரிங் வெச்சு, நிபந்தனையோட வாங்கணும். நிறைய ஊர்ல கேஸ் ஸ்டேஷன் இந்த ரெண்டாவது வகைதான். நம்ம ஊர்லயும் அப்படின்னு போர்டே சொல்லுது. கேள்வியே இல்லாத வகையா இருந்திருந்தா விதிப்படி கட்டறாங்களான்னு மட்டும்தான் பாப்பாங்க, நாம போய் நிக்கவே வேலையில்ல.

செல்வம்: அப்ப கையெழுத்து வாங்கலாம்ல?

வளர்மதி: வாங்குங்க அண்ணா, ஆனா அத மட்டும் நம்பாதீங்க. பெர்மிட் கொடுக்க என்னென்ன பாக்கணும்னு சிட்டி கோட்லயே, அதாவது ஊர்ச் சட்டப் புத்தகத்துலயே, எழுதியிருக்கும். அந்த அளவுகோலுக்குப் பொருந்தினா கொடுக்கணும், பொருந்தலேன்னா மறுக்கலாம். அதுக்கு ஆதாரம் ரெக்கார்டுல இருக்கணும். வெறும் எதிர்ப்ப வெச்சு மறுத்தா விண்ணப்பதாரர் கோர்ட்டுக்குப் போவார், அங்க சிட்டி தோக்கலாம். நான் வேலை பாக்கிற கவுன்ட்டி ஹியரிங்ல இத நேர்லயே பாத்திருக்கேன். கூட்டம் நிரம்பி வழியும், ஒவ்வொருத்தரும் வந்து “எங்களுக்குப் பிடிக்கல”ன்னு சொல்லிட்டுப் போவாங்க, கமிஷன்காரங்க குறிச்சுக்க ஒரு வரி கிடைக்காது. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

செல்வம்: வீட்டு விலை இறங்கிடும்னு சொன்னா?

வளர்மதி: அப்ரைசர், அதாவது சொத்து மதிப்பு போடறவர், எழுதின அறிக்கை இருந்தா எடுத்துப்பாங்க. நம்ம பயத்த எடுத்துக்க மாட்டாங்க.

செல்வம்: ஹைவே ஸ்டேஷன்காரரையும் கூட்டிட்டு வரட்டுமா? அவருக்கும் வியாபாரம் போகுமே.

வளர்மதி: அவர் வேண்டவே வேண்டாம். யாருக்கு வியாபாரம் போகும்கிறது ஜோனிங்கோட வேலையில்ல. அவர் நம்ம பக்கம் நின்னா நாம சொல்றதும் கெட்டுப்போகும்.

பிரபு: அக்கா, இந்த ஜோனிங்கே கேஸ் ஸ்டேஷனத் தள்ளி வைக்க வந்ததுதானா?

வளர்மதி: அதுக்காக மட்டும் இல்ல, ஆனா ஆரம்பத்துலேர்ந்தே அது உள்ள இருக்கு. ஜோனிங் செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு 1926ல. கிளீவ்லாண்ட் பக்கத்துல யூக்ளிட்னு ஒரு ஊர், ஆம்ப்ளர் ரியல்டின்னு நிலக் கம்பெனி அது மேல வழக்குப் போட்டுச்சு. அந்த ஊர்ச் சட்டத்துல நிலப் பயன்பாடு 6 வகுப்பு. பெட்ரோல் நிலையம் 4ஆவது வகுப்புல, தியேட்டர், கடை, பேங்க் கூட. அதுவும் 1,000 கேலனுக்கு மேல சேத்து வைக்கக் கூடாது. அதே வகுப்புல 5 குதிரை வரைக்கும் கட்டற லாயமும் இருக்கு! இப்ப ஒரு டேங்கர் லாரி ஒரு நடையில கொண்டு வர்றதே 8,000 கேலனுக்கு மேல.

தேவகி: வளர்மதி கண்ணு, எங்க வீடும் அடுத்த வீடும் இன்னும் கிணத்துத் தண்ணிதான். பெட்ரோல் கசிஞ்சா என்னம்மா பண்றது? எனக்கு இதுதான் கவலை.

வளர்மதி: அம்மா, இருக்கிறதுலயே கனமான கேள்வி உங்களோடதுதான். 1984லேர்ந்து இந்த நாட்டுல 5 லட்சத்துக்கும் மேல நிலத்தடித் தொட்டிக் கசிவு உறுதியாகியிருக்கு, மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏவோட கணக்கு. பழைய இரும்புத் தொட்டி துருப்பிடிச்சு கசிஞ்சது நிறைய. அதுக்காகத்தான் 1988ல மத்திய விதி வந்துச்சு. இப்ப புதுசா புதைக்கிற தொட்டியும் குழாயும் ரெண்டு சுவரோட இருக்கணும், நடுவுல கசிவு தெரியுதான்னு பாத்துட்டே இருக்கணும். 2016 ஏப்ரலுக்குப் பிறகு வைக்கிறதுக்கெல்லாம் இது கட்டாயம். அதனால பழைய காலத்து ஆபத்து அப்படியே இப்பவும் இருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க கிணறு மேப்லயே இல்லேன்னா அத யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்க. விண்ணப்ப வரைபடத்துல கிணறு காட்டியிருக்கான்னு நாளைக்கே பாக்கணும்.

தேவகி: கிணறு தோண்டினப்ப கொடுத்த பேப்பர் பத்திரமா வெச்சிருக்கேன். எடுத்துத் தர்றேன்.

பிரபு: ஆன்லைன்ல விண்ணப்பம் இருக்கு, திறந்து பாக்கறேன். 2 நிமிஷம்.

கவிதா: டேகேர் விஷயத்துக்கு எத்தன அடி தள்ளியிருக்கணும் அக்கா?

வளர்மதி: அது ஊருக்கு ஊர் வேற. மேரிலாண்ட்ல மான்ட்கமரி கவுன்ட்டி வருஷத்துக்கு 36 லட்சம் கேலனுக்கு மேல விக்கிற பெரிய ஸ்டேஷனுக்கு மட்டும் தூரம் வெச்சாங்க. பள்ளி, பூங்கா, டேகேர்லேர்ந்து முதல்ல 300 அடி, அப்புறம் 500 ஆக்கினாங்க. கலிபோர்னியா காற்று வாரியம் 2005ல கொடுத்த கையேட்டுல அதே அளவு பெரிய ஸ்டேஷனுக்கு 300 அடி, சாதாரண ஸ்டேஷனுக்கு 50 அடி. அது ஆலோசனைதான், சட்டம் இல்ல. அதுவும் ஸ்டேஷன் பக்கத்துல புதுசா வீடு, பள்ளி கட்டறவங்களுக்குச் சொன்னது.

கவிதா: 50 அடியா! இங்க மதிலே அவ்வளவு தூரம் இல்ல.

வளர்மதி: மதிலுக்கு அளக்காத. வென்ட் பைப் எங்கன்னு பாரு. தொட்டிக்குள்ள இருக்கிற ஆவி அது வழியாத்தான் வெளிய வரும், அதுல பென்சீன் இருக்கு, புற்றுநோய் தரக்கூடியது. கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரங்க ரெண்டு ஸ்டேஷன்ல வென்ட் பைப்ப அளந்து 2018ல ஆய்வு வெளியிட்டாங்க. முன்னாடி போட்டு வெச்சிருந்த கணக்கவிட 10 மடங்கும் அதுக்கு மேலயும் ஆவி வந்துச்சு. ரெண்டே ஸ்டேஷன்தான், அதனால எல்லா இடத்துலயும் இப்படின்னு பேசக்கூடாது. ஆனா வென்ட் பைப் எங்க நிக்குதுன்னு கமிஷன கேக்க வைக்க இது போதும்.

பிரபு: வரைபடம் கிடைச்சுது. வென்ட் பைப் தெற்கு ஓரம், டேகேர் பக்கம். தொட்டியும் அங்கதான். கிணறு ஒண்ணும் காட்டல. டேங்கர் உள்ள வர்ற வழி பள்ளி பஸ் நிக்கிற ரோட்டுப் பக்கம்.

வளர்மதி: இதுதான் நமக்கு வேணும். மூணுமே கோட்ல இருக்கிற அளவுகோல்ல வரும்: சுகாதாரம், பாதுகாப்பு, போக்குவரத்து.

இளங்கோ: ஒண்ணு கேக்கறேன் அக்கா. தொட்டியையும் பைப்பையும் வடக்கு ரோட்டுப் பக்கம் மாத்தினா டேகேருக்குத் தூரம் கூடும்ல? பஸ் நேரத்துல டேங்கர் வரக்கூடாதுன்னும் போடலாம்ல? அப்படின்னா நானும் உங்களோட வர்றேன். ஸ்டேஷனே கூடாதுன்னா வர மாட்டேன்.

வளர்மதி: தாராளமா கேக்கலாம் இளங்கோ. நிபந்தனைன்னா இதேதான். லாரி நேரம், கூரை விளக்கு பக்கத்து வீட்டு ஜன்னல்ல அடிக்காம கீழ் நோக்கி இருக்கணும், டேகேர் பக்கம் உயரமான சுவர், மரம்னு எல்லாம் எழுதிப் போடலாம். பெர்மிட்டோட சேந்து வந்தா அப்புறம் யார் வாங்கினாலும் அந்த நிபந்தனை மனையோட போகும்.

செல்வம்: எனக்கு இது ஒத்துவரல. கலிபோர்னியால ஒரு ஊர் புது கேஸ் ஸ்டேஷனே கூடாதுன்னு தடை போட்டாங்களாமே? நாமளும் அதக் கேப்போம்.

வளர்மதி: பெட்டலூமா. 2021ல போட்டாங்க, இந்த நாட்டுலயே முதல் ஊர். இருக்கிறது ஓடலாம், புதுசு வரக்கூடாது, புது பம்ப் சேக்கக் கூடாது. ஆனா அது கவுன்சில் சட்டத்தையே திருத்தினது அண்ணா. நம்ம ஹியரிங்ல இருக்கிறவங்களுக்கு அந்த அதிகாரம் இல்ல. அங்க போய் அதக் கேட்டா நம்ம நேரம் வீணாகும். கவுன்சிலுக்குத் தனியா எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன். மனசார சொல்றேன், எனக்கும் அந்த யோசனை பிடிச்சிருக்கு.

செல்வம்: சரிம்மா. அத நான் எழுதறேன். ஹியரிங்ல யார் என்ன பேசறது?

வளர்மதி: ஒருத்தருக்கு 3 நிமிஷம்தான் கொடுப்பாங்க, அதனால பிரிச்சுக்கணும். கவிதா வென்ட் பைப்பும் டேகேரும். அதுக்கு முன்னாடி டேகேர் நடத்தறவங்ககிட்ட போய்ப் பேசு, அவங்களே கடிதம் கொடுத்தா ரொம்ப பலம். தேவகி அம்மா கிணறு, அந்தப் பேப்பரோட. பிரபு பஸ்ஸும் டேங்கரும், காலைல நீயே நின்னு ரோட்ட வீடியோ எடு. இளங்கோ நிபந்தனை. ஸ்டேஷன் வேணும்கிற ஆள் வந்து இந்த நிபந்தனையோட கொடுங்கன்னு சொன்னா கமிஷன் கண்டிப்பா கேக்கும்.

இளங்கோ: சரி அக்கா. நிபந்தனையெல்லாம் எழுதி இங்க போடறேன், கோட் நம்பரோட திருத்திக் கொடுங்க.

வளர்மதி: போடு. எழுத்துல கொடுக்கிறது ஹியரிங்குக்கு முன்னாடியே போயிடணும், அப்பதான் பிளானிங் ஆபீஸ் கமிஷனுக்குக் கொடுக்கிற ஸ்டாஃப் ரிப்போர்ட்ல சேரும். கடைசி நாள் போர்டுல கீழ சின்ன எழுத்துல இருக்கும். கவிதா, பாத்துச் சொல்லு.

கவிதா: இருக்கு, வர்ற வியாழக்கிழமை 5 மணி.

தேவகி: பிரபு, காலைல வந்து பேப்பர வாங்கிக்கோப்பா.

பிரபு: வர்றேம்மா. ஸ்கேன் பண்ணிட்டு உடனே திருப்பித் தர்றேன்.