கால்வாய்க் கரையில் சைக்கிள்: வழியில் எதிர்ப்பட்ட மனிதர்கள் (சைக்கிள் ஓட்டும் மூவர் எழுதியவை)

திருவான்மியூரிலிருந்து

சென்னையில் வீடு கட்டிய எவருக்கும் கிராவல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பள்ளத்தை நிரப்ப லாரியில் வந்து இறங்கும் செம்மண் கலந்த சரளைக்கு இங்கே அதுதான் பெயர். அப்படிப்பட்ட மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட 'கிராவல் பைக்' எனும் சைக்கிள் ஒன்றை நான் மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அகலம். தார்ச்சாலையில் ஓடும் மெல்லிய டயருக்கு அடிக்கும் காற்றில் பாதிகூட இதற்கு வேண்டியதில்லை.

நான் பெரும்பாலும் ஓட்டுவது பக்கிங்காம் கால்வாயின் தென்பகுதியில், கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் கிழக்கே. நகரத்துக்குள் இந்தக் கால்வாய்க்குக் கரை என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. 'கிரீன்வேஸ் சாலை' என்று பறக்கும் ரயிலுக்கு ஒரு நிலையமே இருக்கிறது. பெயரில் பசுமை வழி, நிலையத்தை ஒட்டிய கால்வாய்க்குள் வரிசையாகக் கான்கிரீட் தூண்கள். ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் எனக்கு மனம் கனக்கிறது. கோவளத்தைத் தாண்டிய பிறகுதான் கால்வாய் மறுபடி கால்வாயாகத் தெரிகிறது. அங்கும் கரை ஒரே சீராக இல்லை: கொஞ்ச தூரம் இறுகிய சரளை, கொஞ்ச தூரம் சக்கரம் புதையும் கடல் மணல், பிறகு உப்பளத்து வரப்பு, சில இடங்களில் உடைப்பு.

இந்தக் கரையில் பாதை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு நான் அதில் ஓட்டும் விதமே மாறிவிட்டது. வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1806-இல் தொடங்கிய வேலை பிறகு படிப்படியாக நீண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்த் துண்டு, 1877–78 பஞ்சத்தில், பசியோடு வந்த மக்களுக்குக் கூலி கொடுப்பதற்கான நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. அடையாற்றிலிருந்து தெற்கே மரக்காணம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இந்த வழியில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் வந்தன. காற்றிருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். தென் பிரான்சில் 1681-இல் திறக்கப்பட்ட கனால் து மிதியின் கரையில் படகுகளைக் குதிரைகள் இழுத்தன. அந்தக் குதிரைப் பாதையில்தான் இன்று அங்கே சைக்கிள் பயணிகள் போகிறார்கள். நம் கரை மனிதர் இழுத்து நடந்த கரை.

நிலம் தட்டையாக இருப்பதால் ஓட்டுவது எளிது என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். இறக்கமே இல்லாத பாதையில் கால்களுக்கு ஓய்வு கிடையாது. மேடு வாங்க வேண்டிய உழைப்பை இங்கே காற்று வாங்கிக்கொள்கிறது. பங்குனி, சித்திரையில் முற்பகல் முற்றும் நேரத்தில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்பும். விடியலில் தெற்கே போய்விட்டு, காற்று எழும்பிய பிறகு வடக்கே திரும்பினால், அது முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். ஒரு நாள் தாமதமாகக் கிளம்பி, அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு 8 கிலோமீட்டர் போக எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நான் சொல்ல வந்த சந்திப்பு நடந்தது ஒரு மாசி மாதக் காலையில். கோவளம் சாலைப் பாலத்திலிருந்து தெற்கே ஐந்தாறு கிலோமீட்டர் போயிருப்பேன். கரையோரத்து வேலிகாத்தானை யாரோ வெட்டிப் பாதையிலேயே போட்டிருந்தார்கள். சீமைக் கருவேலம் என்று புத்தகங்களில் எழுதுகிறோமே, அதேதான். பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. டியூபை வெளியே எடுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டி, மாட்டி, காற்றடித்தேன். நூறடி போவதற்குள் மறுபடி இறங்கியது. திரும்ப ஒட்டினேன், திரும்பவும் இறங்கியது. கையில் ஒட்டு ஒன்றுதான் மிச்சம்.

கீழே இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் மூன்று பேர் கைகளால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றில் விட்டுத் துழாவி, அகப்பட்டதைப் பறிக்குள் போடுவார்கள். அவர்களில் வயதான அம்மா ஒருவர் நெடுநேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கரையேறி வந்தார்.

"உள்ள முள்ளு முனை இருக்குது தம்பி. அத்த எடுக்காம ஒட்டிக்கினே இருந்தா எப்படி நிக்கும்?"

விரலால் தடவிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்றேன். அவர் பதில் சொல்லாமல் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அதன் நுனியை டயரின் உட்புறத்தில் வைத்து மெதுவாகச் சுற்றிலும் இழுத்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டி நின்றது. கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்து, டயரின் வெளிப்பக்கத்திலிருந்து நெம்பி உள்ளே தள்ளினார். எள்ளின் அளவுகூட இல்லாத கறுத்த முனை ஒன்று அவருடைய ஈர உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. விரலுக்குத் தட்டுப்படாத முள், காற்று ஏறி டயர் இறுகும்போது மட்டும் டியூபைத் தொட்டிருக்கிறது.

பணம் கொடுக்க முயன்றேன், வேண்டாம் என்றார். "பாலத்தாண்ட எம் பேத்தி நிக்கும், இந்தப் பறிய அதுங்கிட்ட குடுத்துடு. தண்ணி ஏறிட்டா அப்பால ஒண்ணும் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, வேறொரு பறியை வாயில் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஹேண்டிலில் தொங்கிய பறியிலிருந்து சேற்றுத் தண்ணீர் முன் சக்கரத்தில் சொட்டிக்கொண்டே வர, இறால் சிந்திவிடாமல் நடைவேகத்தில் பாலம் வரை ஓட்டி வந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாகச் சைக்கிள் ஓட்டியதில்லை. சிறுமி பறியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா?" என்று கேட்டாள்.

இப்போது டியூப் இல்லாத டயருக்கு மாறிவிட்டேன். உள்ளே ஊற்றும் ரப்பர்ப் பால் சிறு முள் துளைகளைத் தானே அடைத்துவிடுகிறது. நம் வெயிலில் அந்தப் பால் விரைவில் காய்ந்துவிடுவதால் அடிக்கடி திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். ஆனாலும் ஒரு துண்டுத் துணியும் ஊக்கும் பையில் எப்போதும் இருக்கின்றன.

மதுராந்தகம் பக்கம் ஓட்டும் ஒருவர்

எனக்குக் கால்வாயைவிட ஏரிக்கரை பிடிக்கும். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஊருக்கு ஓர் ஏரி இருக்கிறது. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகப் போவதால், கரைகளையும் வாய்க்கால் ஓரங்களையும் தொடர்ந்து போனாலே ஒரு முழுக் காலைப்பொழுதுக்குப் போதுமான பாதை கிடைத்துவிடும்.

கார்த்திகையில் இரண்டு நாள் மழை விட்டதும் ஒரு சிற்றூர் ஏரியின் கரையில் ஏறினேன். மதகருகே மண்வெட்டியோடு நின்ற பெரியவர் கையை நீட்டி நிறுத்தினார். ஊருக்கு நீர் திறந்துவிடும் நீர்க்கட்டி அவர். கோபம் இல்லாமல், "எறங்கி தோள்ல தூக்கிக்கினு போ சாமி" என்றார். கரை என்ன உங்கள் சொந்தமா என்று கேட்கும் எண்ணம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. அவர் என்னைப் பத்தடி பின்னால் அழைத்துச் சென்று, என் டயர் ஈரக்கரையில் பதித்திருந்த தடத்தைக் காட்டினார். சொம்பில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றினார். தண்ணீர் பரவாமல் தடத்துக்குள்ளேயே ஓடி, கரை சற்றுத் தாழ்ந்த இடத்துக்குப் போய், வயல்பக்கச் சரிவில் ஒரே தாரையாக இறங்கியது. இறங்கிய இடத்தில் மண் கரைந்து கோடு விழுந்தது. அடுத்த மழையில் அந்தக் கோடு விரலளவு, அதற்கடுத்த மழையில் கையளவு ஆகும் என்றார். ஒரு கரை உடைவதற்கு அது போதும்.

அரை கிலோமீட்டருக்குச் சைக்கிளைத் தோளில் சுமந்து சென்றேன். கரை நெடுகிலும் பனைகள் எதற்காக நிற்கின்றன என்பதும் அன்றுதான் உறைத்தது. அவற்றின் வேர்கள்தாம் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. சில வாரங்கள் கழித்து உத்திரமேரூர் போனபோது, முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளில் 919, 921 ஆகிய ஆண்டுகளிலேயே ஏரி வாரியம் என்று ஏரிக்கெனத் தனிக் குழு சொல்லப்பட்டிருப்பதை அங்கிருந்தவர் படித்துக் காட்டினார். மண்வெட்டியோடு நின்ற அந்தப் பெரியவரின் வேலை எவ்வளவு பழையது என்று அப்போது புரிந்தது. மழை பெய்து நான்கு நாள் ஆகாமல் எந்த ஏரிக்கரையிலும் நான் சக்கரம் வைப்பதில்லை. களிமண் டயருக்கும் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் இடையே அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாமல் போவது நமக்குள்ள தொல்லை. அது பொருட்டே இல்லை.

பொன்னேரியிலிருந்து

என்னுடையது சிறிய அனுபவம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் வந்து தங்குவார்கள். சென்ற தை மாதம் வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தபோது எதிரே கரை முழுவதும் வாத்துகள், நூற்றுக்கணக்கில். வேகத்தைக் குறைக்க மிதிப்பதை நிறுத்தினேன். உடனே பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் 'டிக்டிக்டிக்' என்று ஒலிக்கத் தொடங்க, அத்தனை வாத்துகளும் இரு பக்கமும் சிதறி, பாதி வாய்க்காலிலும் பாதி இன்னும் அறுக்காத ஒரு வயலிலும் விழுந்தன. மேய்க்கும் அண்ணன், "ஏம்மா, பாம்புன்னு நெனச்சிக்கிச்சுங்க" என்றார். நெல் வயலிலிருந்து வாத்துகளைத் திரட்ட அவருக்கும் அவர் மகனுக்கும் எனக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. வயலுக்குரியவர் வருவதற்குள் முடிந்ததே என்று மூவரும் கரையில் உட்கார்ந்தோம். இப்போது வாத்துகளைக் கண்டால் தொலைவிலேயே இறங்கி, பின்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

மீண்டும் திருவான்மியூரிலிருந்து

ஏரிக்கரைத் தடத்தைப் பற்றிப் படித்த மறுநாளே தையூர்ப் பக்கம் போய்ப் பார்த்தேன். சென்ற வாரத்து மழைக்குப் பிறகு நான் ஓட்டிய இடத்தில் என் டயரின் கட்டம் கட்டமான தடம் அப்படியே காய்ந்து இறுகியிருந்தது. இரண்டு இடங்களில் அதன் முடிவில் மண் அரித்திருந்தது. குதிகாலால் மிதித்து மூட முயன்றேன், இறுகிப்போனதால் அசையவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு சிறு மண்வெட்டியோடு போகிறேன். வர விரும்புபவர்கள் காலை ஐந்தரை மணிக்குக் கேளம்பாக்கம் சந்திப்புக்கு வரலாம்.

பொன்னேரி சகோதரிக்கு ஒரு கேள்வி: வாத்துகள் கரையைக் கடப்பது காலையில் எத்தனை மணி வரை இருக்கும்? தை கடைசியில் அந்தப் பக்கம் வரலாம் என்றிருக்கிறேன்.