உதவி: வீட்டில் ஃப்ரீ மோஷன் க்வில்டிங்குக்கு எந்த மெஷின்? (பெங்களூரு)

அல்சூர்வாசி

வணக்கம். ஃப்ரீ மோஷன் க்வில்டிங் (இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்து, கையாலேயே நகர்த்தித் தைக்கிறது) பண்ண ஒரு மெஷின் வாங்கணும். க்வில்ட் சிங்கிள் பெட் அளவு, 60×90 அங்குலம். இரண்டாவது மாடி ஃபிளாட், வேலை பெரும்பாலும் ராத்திரியில்தான். இப்போ இருப்பது மோட்டார் மாட்டின பழைய கறுப்பு ஹெட் (தையல் மெஷின்). முன்னால் இருக்கிற வழிகள்:

கடையில் காட்டின ஜிக்ஜாக் மெஷின். 21 டிசைன், "க்வில்டிங்குக்கும் ஆகும்" என்றார்கள்.

பொம்மனஹள்ளி பக்கம் மூடின ஒரு கார்மென்ட் யூனிட்டிலிருந்து செகண்ட் ஹேண்ட் ஒற்றை ஊசி இண்டஸ்ட்ரியல் மெஷின்.

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் மூலம் ஜூக்கி டிஎல்-2010க்யூ.

எதை எடுக்கலாம்? டிசைன் எத்தனை என்று பார்க்கணுமா?

பாபின்கேஸ்

டிசைன் எண்ணிக்கையை மறந்துடுங்க. இந்த வேலைக்கு நேர்த்தையல் ஒன்று போதும். துணியை நகர்த்துவது மெஷின் இல்லை, உங்க கை. கீழே துணியை இழுக்கிற பல் வேலையே செய்யக்கூடாது. அதனால் முதல் கேள்வி: பல்லைக் கீழே இறக்க லீவர் இருக்கா? பெரும்பாலும் ஃப்ரீ ஆர்மின் (மெஷினோட ஒல்லியான கீழ்க் கை) பின்பக்கம் அடியில் இருக்கும். சில சின்ன மாடல்களில் லீவருக்குப் பதில் பல்லை மூட ஒரு பிளாஸ்டிக் தகடு தருவாங்க. ஓட்டலாம், ஆனா தகட்டின் கனம் அளவுக்கு ஃபுட்டுக்கு (ஊசியைச் சுற்றித் துணி மேல் உட்காருற பாதம்) கீழே இடம் குறையும். கனமான பஞ்சு வைத்தால் உடனே தெரியும்.

இரண்டாவது, ஊசியிலிருந்து வலப்பக்கத் தூண் வரைக்குமான இடம். கடைக்கு டேப் கொண்டு போய் நீங்களே அளங்க. சாதாரண வீட்டு மெஷின்களில் இது ஆறிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் இருக்கும். நீங்க சொல்ற ஜூக்கியில் எட்டரைக்குப் பக்கம்.

இது ஏன் முக்கியம்னா, 60 அங்குல அகலத்தில் நடுவில் தைக்கும்போது 30 அங்குலத் துணி தூணுக்கும் ஊசிக்கும் நடுவில் அடங்கணும். கால் அங்குல கனமுள்ள க்வில்ட்டை இறுக்கிச் சுருட்டினால் உருளை மூன்று அங்குலம் குறுக்களவு வரும், கை தளர்ந்தால் நான்கு. ஆறேகால் அங்குல மெஷினில் மிச்சம் இரண்டேகால் அங்குலம், எட்டரையில் நாலரை. இதே அரை அங்குல கனமுள்ள பாலியஸ்டர் பஞ்சு என்றால் கை தளர்ந்தால் உருளை ஐந்தைத் தாண்டும், சின்ன மெஷினில் ஊசிக்குப் பக்கத்தில் விரல் வைக்கக்கூட இடம் இருக்காது. பஞ்சு வாங்கும்போதே மெலிசா, 100-120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) அளவில் எடுத்தால் பாதி பிரச்சனை முடிஞ்சுது.

சுருட்டித்தான் ஆகணும் என்றும் இல்லை. தூண் பக்கம் கசக்கித் திணித்தாலும் சரிதான், இறுக்கிச் சுருட்டின உருளையை விட அது சுலபமா நகரும். நடுவில் தொடங்கி ஒரு பாதியை முடிச்சுட்டு, முழுசையும் 180 டிகிரி திருப்பிப் போட்டு அடுத்த பாதி.

வேகத்தைப் பார்த்து மயங்காதீங்க. நிமிஷத்துக்கு 800 தையல், அங்குலத்துக்கு 10 தையல் என்றால் கை நிமிஷத்துக்கு 80 அங்குலம் ஓடணும். பழகின கைக்கே அது போதும். அட்டையில் 1100, 1500 என்று போட்டிருப்பதால் இந்த வேலையில் பெரிய லாபம் இல்லை. அதை விட, வேகத்துக்கு எல்லை வைக்கிற ஸ்லைடரும், நிறுத்தினால் ஊசி துணிக்குள்ளேயே நிற்கிற பட்டனும் இருக்கான்னு பாருங்க.

ஸ்க்ரூடிரைவர்

இண்டஸ்ட்ரியல் பற்றி மட்டும் சொல்றேன் சிஸ்டர். இடம் சுமார் பத்து அங்குலம் கிடைக்கும், இரும்பு, ஆடாது. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஆசைப்படுறாங்க.

ஆனா பல்லை இறக்க லீவர் கிடையாது. ஊசித் தகட்டைக் கழற்றி, பல்லைப் பிடிச்சிருக்கிற இரண்டு ஸ்க்ரூவை எடுத்து, பல்லையே வெளியே எடுக்கணும். நேர்த்தையலுக்குத் திரும்ப மாட்டும்போது உயரம் சரி பார்க்கணும். தினம் ஒருமுறை இதைச் செய்யப்போறீங்கன்னா வேண்டாம். க்வில்டிங்குக்கு மட்டும்னு ஒதுக்கினால் சரி.

மோட்டாரைக் கேளுங்க. க்ளட்ச் மோட்டார் என்றால் விலை எவ்வளவு குறைஞ்சாலும் தொடாதீங்க. அது எந்நேரமும் சுத்திக்கிட்டே இருக்கும், சத்தம், மெதுவா ஓட்டவே வராது. சர்வோ இருந்தால் உச்ச வேகத்தை 800-க்குக் குறைச்சு வைக்கலாம், மிதிக்காதபோது சத்தமே இல்லை. சிங்கிள் ஃபேஸில் ஓடுமான்னும் பாருங்க.

ஆயில் தொட்டி உள்ள ஹெட் வேகமா ஓடுறதுக்குன்னே செஞ்சது. எந்நேரமும் மெதுவா ஓட்டினால் மேல் பாகத்துக்கு எண்ணெய் சரியா ஏறாது. அவ்வப்போது ஃபுட்டைத் தூக்கி, நூல் இல்லாம கொஞ்சம் வேகமா ஓட்டிவிடணும்.

ஊசி டிபி எக்ஸ் 1, உருண்டைக் காம்பு. வீட்டு மெஷின் ஊசியும் சேராது, வீட்டு மெஷின் ஃபுட்டும் சேராது. மேசை நாலடி நீளம். இரண்டாவது மாடிக்கு ஏத்தணும். ராத்திரி வேலைன்னா கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டாம இருக்க ஸ்டாண்ட் கால்களுக்கு ரப்பர் பேட் போட்டே ஆகணும்.

மாடித்தையல்

ஜூக்கி நல்ல மெஷின், அதில் சந்தேகமே இல்லை. நேர்த்தையல் மட்டும், ஒற்றைத் துளை ஊசித் தகடு, பல் இறக்கும் வசதி, நூல் தானா வெட்டும். வீட்டு மெஷின் ஊசியான ஹெச்ஏ எக்ஸ் 1 தான் போடணும், அது எல்லாத் தையல் கடையிலும் கிடைக்கும். பிரச்சனை கரண்ட்தான். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட். நம்ம 230-ல் நேரா சொருகினால் போர்டு அந்த நிமிஷமே போயிடும்.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். மெஷின் லேபிளில் உள்ள வாட்ஸைப் போல இரண்டு மடங்காவது தாங்கணும், 500 விஏ எடுத்தால் கவலையில்லை. செம்புச் சுற்று உள்ள கனமான பெட்டியா இருக்கணும். ஹேர் டிரையருக்குன்னு பயணிகளுக்கு விற்கிற உள்ளங்கை அளவு கன்வெர்ட்டர் எலக்ட்ரானிக் மெஷினுக்கு ஆகாது. கரண்ட் போகும்போது இன்வெர்ட்டரில் ஓட்டுவீங்கன்னா அது சைன் வேவ் ஆக இருக்கணும், ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும்.

எடை 11 கிலோவுக்கு மேல். சொந்தக்காரர் பெட்டியில் பாதி அதுக்கே போயிடும். இங்கே வாரண்டியை எதிர்பார்க்காதீங்க. பாபின் கேஸ், பாபின் (அடி நூல் சுற்றுகிற சக்கரம்), ஊசித் தகடு ஒவ்வொன்று கூடுதலா கூடவே வாங்கி வரச் சொல்லுங்க.

பஞ்சுமெத்தை

பாபின்கேஸ் அண்ணா கணக்கு சரிதான், ஆனா முழு க்வில்ட்டையும் ஒரே துண்டா மெஷினுக்குள் திணிக்கணும்னு யார் சொன்னது? 60×90 என்பது 15 அங்குலச் சதுரம் 24. ஒவ்வொன்றையும் தனியா மேல் துணி, பஞ்சு, கீழ்த் துணி வைத்து ஃப்ரீ மோஷன் முடிச்சுட்டு அப்புறம் இணைக்கலாம். ஆறு அங்குல மெஷினே தாராளம்.

அடர்த்தியா தைத்தால் சதுரம் சுருங்கும். அதனால் பதினாறரை அங்குலமா வெட்டுங்க, தைத்து முடிச்சப்புறம் பதினைந்தரைக்குச் சமன் பண்ணுங்க. கால் அங்குலத் தையல் போக 15 நிற்கும். இணைப்பில் முன்பக்கம் ஒரு பட்டி, பின்பக்கம் ஒரு பட்டி. கோடுகள் ஒரு சதுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ந்து ஓடுற டிசைனுக்கு மட்டும் இது சரி வராது.

அல்சூர்வாசி

எல்லாருக்கும் நன்றி. இண்டஸ்ட்ரியல் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். கடை மெஷினை அளந்தேன்: ஆறேகால் அங்குலம், பல் இறக்க லீவர் இருக்கு.

அதுக்கு முன்னாடி கறுப்பு ஹெட்டிலேயே பழகலாம்னு பார்த்தால் மூன்று தொந்தரவு. வளைவுகளில் பின்பக்கம் மேல் நூல் கண் இமை மாதிரி வரிசையா நிற்குது. தொடங்கின இடத்தில் அடியில் நூல் கூடு கட்டுது. ஊசி அடிக்கடி உடையுது. மெஷின் பழசு என்பதாலா?

பாபின்கேஸ்

மெஷின் பழசு என்பதால் இல்லைங்க. அந்த ஹெட் இந்த வேலைக்கு ரொம்ப நல்லது, ஊசித் தகட்டில் சின்ன ஒற்றைத் துளை இருக்கும். ஒவ்வொன்றா பார்ப்போம்.

கூடு கட்டுவது: ஃபுட் லீவரை இறக்கலை. ஃப்ரீ மோஷன் ஃபுட் துணியை அழுத்தாம மிதக்கும், அதனால் இறக்கினதா இல்லையான்னு பார்வைக்குத் தெரியாது. லீவர் மேலே இருந்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு திறந்தே இருக்கும், மேல் நூல் மொத்தமும் கீழே போகும். இறக்கிட்டு, வீலைக் கையால் ஒரு சுற்று சுற்றி, பாபின் நூலை மேலே எடுத்து, இரண்டு நூலையும் பிடிச்சுக்கிட்டு அதே இடத்தில் மூன்று நாலு குட்டித் தையல் போட்டு அப்புறம் நகருங்க.

இமை மாதிரி நிற்பது: வளைவில் கை வேகமாகுது, கால் அதே வேகத்தில் இருக்கு. தையல் நீண்டு, மேல் நூல் வளைவின் உட்பக்கத்துக்கு இழுபடுது. வளைவில் கையை நிதானப்படுத்துங்க. அதுக்கு முன்னாடி ஃபுட்டைத் தூக்கி வைத்து மேல் நூலைத் திரும்பக் கோர்த்துடுங்க, ஃபுட் இறங்கி இருக்கும்போது கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவில் உட்காராது. அதுக்கும் அடங்கலைன்னா மேல் டென்ஷனை அரைச் சுற்று இறுக்குங்க. பாபின் கேஸைக் கடைசியாத்தான் தொடணும்: நூலைப் பிடிச்சுத் தொங்கவிட்டால் கேஸ் நிற்கணும், கையை ஒரு சுண்டு சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்கணும். தானே வழுக்கி இறங்கினால் கேஸ் ஸ்க்ரூவை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் இறுக்குங்க.

ஊசி உடைவது: ஊசி துணிக்குள் இருக்கும்போது இழுக்கிறீங்க, வளைந்து தகட்டில் மோதுது. மேசை விளிம்பில் க்வில்ட் தொங்கினாலும் இதேதான், அந்தக் கனமே இழுக்கும். இடப்பக்கமும் பின்னாலும் இன்னொரு மேசையைச் சேர்த்துப் போட்டு முழுக் கனத்தையும் மேலே ஏத்துங்க.

ஸ்க்ரூடிரைவர்

ஊசிக்கு இன்னொன்று பாருங்க. ஃபுட்டில் நீட்டிக்கிட்டு ஒரு கம்பி இருக்குமே, அது ஊசியைப் பிடிக்கிற ஸ்க்ரூவுக்கு மேலே உட்காரணும். கீழே மாட்டினால் ஊசி ஏறும்போது ஃபுட் கூட ஏறாது. துணி ஃபுட்டுக்கு அடியில் சிக்கி நிற்கும், நீங்க இழுப்பீங்க, ஊசி போகும்.

பல் விஷயம்: ஹெட்டைப் பின்னால் சாய்த்து அடியில் பாருங்க, சில மாடல்களில் பல் இறக்க ஒரு திருகு இருக்கும். இல்லைன்னா தையல் நீளத்தை பூஜ்யத்தில் வைத்து, பல் மேலே மெல்லிசான பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஊசிக்குத் துளை போட்டு டேப்பால் ஒட்டிடுங்க.

மிதித்ததும் மோட்டார் பாயுதா? பழைய பெடல் அப்படித்தான். கால் மிதி ஸ்டாண்ட் இன்னும் இருந்தால் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிட்டு மிதிச்சே தையுங்க. வேகம் முழுக்க உங்க கால் வசம். ராத்திரி சத்தமும் குறையும்.

அல்சூர்வாசி

கம்பி கீழேதான் இருந்தது! மாத்தினதும் ஊசி உடைவது நின்னுடுச்சு. இமைகளும் பாதிக்கு மேல் குறைஞ்சிருக்கு. ஸ்டாண்ட் பரணில் கிடக்கு, இறக்கணும்.

அப்போ கடை மெஷினை எடுக்கலாமா, ஜூக்கிக்குக் காத்திருக்கலாமா?

பாபின்கேஸ்

பஞ்சுமெத்தை சொன்ன மாதிரி சதுரம் சதுரமா செய்யப்போறீங்கன்னா ஜூக்கிக்குக் காசு போடத் தேவையே இல்லை. கறுப்பு ஹெட்டே போதும்னு கூடச் சொல்வேன். முழுத் துண்டா, வருஷத்துக்கு நாலைந்து பெரிய க்வில்ட் என்றால் ஜூக்கி. கடை மெஷின் இரண்டுக்கும் நடுவில், ஜிக்ஜாக்கும் அப்ளிக்கேயும் (துணி மேல் துணி வைத்துத் தைக்கிறது) வேணும்னா அதை எடுங்க. ஜிக்ஜாக் தகட்டின் அகலத் துளையில் துணி ஊசியோடு உள்ளே போய் வரும், தையல் விட்டுப்போகும். அந்த மாடலுக்கு ஒற்றைத் துளைத் தகடு தனியா கிடைக்குமான்னு வாங்கும் முன்னாடியே கேளுங்க.

எதை எடுத்தாலும் ஓட்டிப் பார்க்காம பணம் கட்டாதீங்க. உங்க துணி, உங்க பஞ்சு வைத்து 12 அங்குலச் சதுரம் இரண்டு எடுத்துப் போங்க. மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை, அப்பத்தான் டென்ஷன் கண்ணுக்குத் தெரியும். பல்லை இறக்கி எட்டு வடிவம் போடுங்க, முதலில் மெதுவா, அப்புறம் வேகமா. பின்பக்கம் சிவப்புப் புள்ளி இங்கொன்றும் அங்கொன்றுமா தெரிந்தால் பரவாயில்லை, சிவப்புக் கோடா தெரிந்தால் டென்ஷனை மாத்தித் திரும்பப் போடச் சொல்லுங்க. ஃபுட்டை இறக்கினால் துணியைத் தொட்டும் தொடாம இருக்கணும், ஏடிஎம் கார்டு கனத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தையல் விடும். கடையில் ஃப்ரீ மோஷன் ஃபுட் இருக்காது, ஷேங்க் (ஃபுட்டை மாட்டுற தண்டு) உயரத்தை முன்கூட்டியே கேட்டு நீங்களே வாங்கிட்டுப் போங்க. வீட்டு மெஷின் பெரும்பாலும் லோ ஷேங்க், ஜூக்கி அப்படி இல்லை.

அல்சூர்வாசி

சரிங்க அண்ணா, முதல் க்வில்ட் 24 சதுரமா கறுப்பு ஹெட்டிலேயே. கடைசியா ஒன்று: ஊசியும் நூலும் எந்த நம்பர்?

மாடித்தையல்

ஊசி 14 நம்பர். டாப்ஸ்டிட்ச் வகை கிடைத்தால் நல்லது, அதன் கண் பெரிசு, நூல் உரசாது. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாத்திடுங்க. மேலேயும் கீழேயும் ஒரே கனத்தில் நூல். பாபினை மெதுவா, சமமா சுற்றுங்க. ஒவ்வொரு பாபின் மாத்தும்போதும் கேஸைக் கழற்றிப் பஞ்சுத் தூசியை பிரஷ்ஷால் எடுத்துடுங்க, வாயால் ஊதாதீங்க, ஈரம் உள்ளே போகும். மூன்று அடுக்கையும் சேர்த்து நாலு அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்க. கைக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ரப்பர் பூச்சுள்ள கிளவுஸ், உள்ளங்கை வழுக்காம துணியைப் பிடிக்கும்.