வளைய முறையில் நீரின் பரப்பு இழுவிசை 0.094 வருகிறது, பிழை எங்கே?

தெம்பனிஸ்_தம்பி:
பாலிடெக்னிக் செயல்திட்டத்துக்காக வீட்டிலேயே அளந்து பார்க்கிறோம். செம்புக் கம்பி வளையம், விட்டம் 4 செ.மீ., கம்பித் தடிமன் 1 மி.மீ. பிளாஸ்டிக் கிண்ணத்தில் குழாய்த் தண்ணீர், 0.01 கிராம் காட்டும் தராசின் மேல். பூஜ்யமாக்கிவிட்டு, நீரில் பட்ட வளையத்தை மெல்லத் தூக்கினால் −1.20 கிராம் வரை போய் அறுந்துவிடுகிறது. சுற்றளவால் வகுத்தால் 0.094 நியூட்டன்/மீட்டர். 30 டிகிரியில் 0.071 அல்லவா இருக்க வேண்டும்?

கிளமெண்டி_லேப்:
உண்மையில் உங்களுக்கு வந்திருப்பது குறைவு, கூடுதல் இல்லை! நீர்ப்படலம் வளையத்தின் உள்ளும் புறமும் இழுக்கிறது. சுற்றளவை இரண்டால் பெருக்குங்கள். 0.01177 நியூட்டனை 0.251 மீட்டரால் வகுத்தால் 0.047தான். இது அழுக்கு நீரின் அளவு. பிளாஸ்டிக்கில் பாத்திரம் கழுவும் சோப்பு லேசில் போகாது, கம்பியில் விரல் எண்ணெய் வேறு. கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாறுங்கள். வளையத்தை எத்தனாலில் அலசி, பிறகு கையால் தொடாமல் இடுக்கியால் பிடியுங்கள்.

தெம்பனிஸ்_தம்பி:
நன்றி அண்ணே. மாற்றியதும் −2.20 கிராம். இரட்டைச் சுற்றளவில் 0.086. இப்போது நிஜமாகவே கூடுதல்!

ஈசூன்_ஆசிரியை:
அறுவதற்கு முன் வளையம் தன்னோடு கொஞ்சம் தண்ணீரையும் தூக்குகிறது, அதன் எடையும் கணக்கில் சேர்கிறது. அதனால்தான் ஹார்க்கின்ஸ், ஜோர்டன் இருவரும் 1930இல் திருத்த அட்டவணை போட்டார்கள். கம்பியின் ஆரமும் வளையத்தின் ஆரமும் 1:40 என்ற விகிதத்தில் இருக்கும் உங்கள் வளையத்துக்குத் திருத்தக் காரணி சுமார் 0.83. பெருக்கினால் 0.071, சரியாகிவிட்டது.

ஆனால் செயல்திட்டத்துக்கு என்றால் வளையத்தையே விட்டுவிடலாம். 76 மி.மீ. நீளம், 1 மி.மீ. தடிமன் உள்ள நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லை, அதன் நீள விளிம்பு நீர்மட்டத்துக்கு இணையாக அடியில் இருக்கும்படி தொங்கவிடுங்கள் (வில்ஹெல்மி முறை, 1863). சுற்றளவு 154 மி.மீ.; அடி விளிம்பு நீர்மட்டத்திலேயே நிற்கும்போது சுமார் 1.12 கிராம் குறைய வேண்டும். விளிம்பு அமிழ்ந்தால் மிதப்பு விசை கணக்கைக் கெடுக்கும். கழுவிய சில்லில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால்தான் தொடுகோணம் (நீர்ப்பரப்பு கண்ணாடியைத் தொடும் கோணம்) பூஜ்யம்; அப்போதுதான் இந்தக் கணக்கு பொருந்தும்.

கிளமெண்டி_லேப்:
இன்னொன்று: பூஜ்யத்தை ஒட்டிய மெதுவான மாற்றத்தைச் சில தராசுகள் தாமாகவே விழுங்கிவிடும். கிண்ணம் வைத்தபின் பூஜ்யமாக்காமல் முழு எடையை எழுதி, கையாலேயே கழியுங்கள். மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி இலக்கம் நிற்காது.